நெல் மூடைக்குப் பின்னால் வரும் புகை

கமத்தொழிற் பாடம்

இப்பாடத்தின் நோக்கம்: பயிர் விளைந்து சந்தைக்குப் போகும் வழியில் புகை எங்கே கூடுதலாக உண்டாகிறது என்பதை அறிதல், சொந்தக் காணி இல்லாத குடும்பமும் அதில் எதைக் குறைக்கலாம் எனத் தெரிந்துகொள்ளுதல்.

1. இது நம்முடைய பாடமா?

பூமி சூடேறுகிறது, மழை காலம் தவறுகிறது, இதற்கெல்லாம் புகைதான் காரணம் என்று எங்கும் பேசப்படுகிறது. இடம்பெயர்ந்து, உறவினர் வளவிலோ குத்தகைக் காணியிலோ பயிர் செய்யும் ஒருவர் இதைக் கேட்டால், "புகை விட்டவர்கள் வேறு யாரோ, எங்களுக்கு ஏன் இந்தப் பாடம்?" என்று கேட்பது நியாயமே. கணக்கும் அவர் பக்கம் நிற்கிறது. இலங்கையில் ஆளொருவருக்கு ஆண்டொன்றில் வெளியேறும் காபனீரொட்சைட்டு ஏறத்தாழ 1 தொன். உலகச் சராசரி 4 தொன்னுக்கு மேல். செல்வந்த நாடுகள் பலவற்றில் அது இன்னும் பன்மடங்கு. ஆகவே உலகச் சூட்டுக்கான கடனை முதலில் தீர்க்க வேண்டியவர்கள் வன்னிக் கமக்காரர் அல்லர்.

அப்படியிருந்தும் இப்பாடத்தை நாம் எடுத்துக்கொள்வதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன. முதலாவது, மழை பிந்தினாலும் வெள்ளம் வந்தாலும் முதலில் அடிபடுவது நம் பயிர்தான். இரண்டாவது காரணம் இன்னும் கிட்டியது. கமத்தில் புகையாகப் போவதிற் பெரும்பகுதி நாம் காசு கொடுத்து வாங்கியது. வயலுக்குச் சேராமற் காற்றோடு போன யூரியாவும், தேவைக்கு மேல் இறைத்த தண்ணீருக்கு எரிந்த மண்ணெண்ணெயும், வழியில் அழுகிய கத்தரிக்காயும் கடன்பட்டு வாங்கிய பணமே. புகையைக் குறைக்கும் வழியும் கடனைக் குறைக்கும் வழியும் பல இடங்களில் ஒன்றாகவே போகின்றன. எந்தெந்த இடங்களில் என்று பார்ப்பதே இப்பாடம்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட "லவுதாத்தோ சீ" என்னும் சுற்றுமடலில், சூழலின் சீர்கேட்டையும் ஏழைகளின் துன்பத்தையும் தனித்தனியாகப் பார்க்கக்கூடாது என்று கற்பித்தார். அந்தப் படிப்பினையை ஒரு நெல் மூடையில் வைத்துப் பார்ப்போம்.

2. ஒரு ஏக்கரின் கணக்கு

கமத்திலிருந்து மூன்று வாயுக்கள் எழுகின்றன. டீசல், மண்ணெண்ணெய், நிலக்கரி எரியும்போது காபனீரொட்சைட்டு வருகிறது. நீர் நிற்கும் சேற்றில் இலைகுழை அழுகும்போது மெதேன் வருகிறது. நைதரசன் பசளை இட்ட மண்ணிலிருந்து நைதரசு ஒட்சைட்டு வருகிறது. நூறு ஆண்டுக் கணக்கில் ஒரு கிலோ மெதேன் ஏறத்தாழ 28 கிலோ காபனீரொட்சைட்டின் சூட்டையும், ஒரு கிலோ நைதரசு ஒட்சைட்டு ஏறத்தாழ 270 கிலோவின் சூட்டையும் தரும். பின்னிரண்டும் கண்ணுக்குத் தெரியாதவை. எனினும் வசதி கருதி மூன்றையும் சேர்த்துப் "புகை" என்றே இங்கு சொல்வோம். எல்லாவற்றையும் காபனீரொட்சைட்டின் நிறையாக மாற்றியே கணக்கிடுவோம்.

இப்பொழுது குளத்து நீர் பாயும் ஒரு ஏக்கர் வயலை எடுத்துக்கொள்வோம். முளைத்தது முதல் அறுவடைக்குச் சற்று முன்வரை நீர் நிற்கிறது. 100 கிலோ யூரியா இடப்படுகிறது. உழவுக்கும் அறுவடை இயந்திரத்துக்கும் 30 லீற்றர் டீசல் செல்கிறது. விளைந்த 2 தொன் நெல், 5 தொன் ஏற்றும் லொறியில் கிளிநொச்சியிலிருந்து ஏறத்தாழ 180 கிலோமீற்றர் தூரத்திலுள்ள தம்புள்ளைப் பக்கம் போகிறது. லொறி வெறுமையாகத் திரும்புகிறது. லீற்றருக்கு 5 கிலோமீற்றர் ஓடும் என்று கொள்வோம். உத்தேசக் கணக்கு இதோ:

நின்ற நீரிலிருந்து வரும் மெதேன்: 1,400 கிலோ
யூரியா, ஆலையிலும் வயலிலும்: 250 கிலோ
உழவும் அறுவடையும்: 80 கிலோ
லொறிப் பயணம், இந்நெல்லின் பங்கு: 80 கிலோ
மொத்தம்: ஏறத்தாழ 1,800 கிலோ

மண்ணுக்கும் பருவத்துக்கும் ஏற்ப இவ்வெண்கள் கூடிக் குறையும். மழையை நம்பிய மானாவாரி வயலில் இடையிடையே நிலம் காய்வதால் மெதேன் ஏறத்தாழ பாதியாகவே இருக்கும். ஆயினும் வரிசை பெரும்பாலும் மாறாது. புகை என்றதும் நம் நினைவுக்கு வருவது லொறியும் உழவு இயந்திரமும். கணக்கோ வேறு கதை சொல்கிறது. நான்கில் மூன்று பங்குக்கு மேல் சத்தமின்றி நிற்கும் நீரிலிருந்து வருகிறது. அடுத்தது யூரியாப் பை. ஆகவே அந்த வரிசையிலேயே பார்ப்போம்.

3. நீரை நனைத்தும் உலர்த்தியும் கட்டுதல்

நெல் நீரில் வளரும் பயிர்தான். ஆனால் எந்நேரமும் நீர் நின்றால்தான் விளையும் என்பதல்ல. நீர் நின்றால் மண்ணுக்குள் காற்றுப் போகாது. காற்றில்லாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்களே மெதேனை உண்டாக்குகின்றன. இடையிடையே நிலத்தைச் சற்று உலரவிட்டால் அவற்றின் வேலை நின்றுவிடும். பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பல நாடுகளிற் பரப்பிய இந்த முறையினால் மெதேன் ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது. நீரும் நூற்றுக்கு 30 பங்குவரை மிஞ்சும். நைதரசு ஒட்சைட்டு சிறிது கூடினாலும் மொத்தப் புகை குறைவே.

செய்முறை:

(அ) 4 அங்குல அகலமுள்ள பி.வி.சி. குழாயில் ஓர் அடி நீளம் வெட்டி எடுக்கவும். அதன் கீழ் அரையடியில் சுற்றிலும் துளைகள் இடவும். மூங்கிற் கணுவும் உதவும்.

(ஆ) துளையிட்ட பாதியை வரம்புக்குக் கிட்ட, எளிதிற் பார்க்கக்கூடிய சமதரையில் இறக்கவும். குழாயின் உள்ளே இருக்கும் மண்ணை அகற்றவும். மண்ணுக்குள் நீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்பதைக் குழாய் காட்டும்.

(இ) விதைத்து ஏறத்தாழ மூன்று வாரத்தின் பின் தொடங்கவும். களை மிகுதியாயின் இன்னும் இரண்டு மூன்று வாரம் பொறுக்கவும். நீர் களையை அடக்கும்.

(ஈ) குழாயினுள் நீர், நில மட்டத்திலிருந்து அரையடி கீழே இறங்கியதும் 2 அங்குல உயரத்துக்கு மீண்டும் நீர் கட்டவும். மேல் மண் காய்ந்ததுபோல் தெரிந்தாலும் அஞ்ச வேண்டாம். வேருக்கு அடியில் நீர் உண்டு.

(உ) பூக்கும் காலத்துக்கு ஒரு வாரம் முன்பும் ஒரு வாரம் பின்பும் வயலை உலரவிடக்கூடாது. அப்பொழுது காய்ந்தால் பதராகும்.

இரண்டு எச்சரிக்கைகள். உவர் நிலத்தில் இதைச் செய்ய வேண்டாம். உலரும்போது உப்பு மேலெழும்பும். மானாவாரி வயலிலும் வேண்டாம்; மீண்டும் நனைப்பதற்கு நீர் நம் கையில் இல்லை. இரணைமடு, முத்தையன்கட்டு, கட்டுக்கரைக்குளம் போன்ற குளங்களின் கீழ் பயிர் செய்வோருக்கே இது பொருந்தும். அங்கும் தனியொருவர் செய்ய முடியாது. மேல்வயற்காரர் நீரை விட்டால் கீழ்வயல் நிறையும். முறைத் தண்ணீர் பிந்தினால் பயிர் வாடும். ஆகவே ஒரு வாய்க்காலின் கீழ் உள்ளவர்கள் கமக்காரர் அமைப்பிற் கூடி, பருவம் தொடங்குமுன் பேசி முடிவெடுக்க வேண்டும்.

வைக்கோல் பற்றியும் ஒரு சொல். பச்சை வைக்கோலை உழுது உடனே நீர் கட்டினால் மெதேன் பெருகும். நீர் கட்டுவதற்கு 30 நாட்களுக்கு முன்னரே உழுது மண்ணில் உக்கவிட்டால் மிகக் குறையும். கூட்டெருவாக்கி இட்டாலும் அப்படியே. எரிப்பது எல்லாவற்றிலும் கேடு. அதிலுள்ள நைதரசன் பெரும்பாலும் புகையோடு போய்விடும்.

4. யூரியாப் பை எங்கிருந்து வருகிறது?

காற்றில் நைதரசன் நிறைய உண்டு. ஆனால் பயிர் அதை நேரே எடுக்காது. ஜெர்மனியில் பிறிட்ஸ் ஹாபர் என்னும் விஞ்ஞானி 1909இல் காற்றின் நைதரசனை அமோனியாவாக்கிக் காட்டினார். கார்ல் பொஷ் அதை ஆலைத் தொழிலாக்க, 1913இல் உற்பத்தி தொடங்கியது. இன்றுவரை பசளை ஆலைகள் அதே வழியிற்றான் நடக்கின்றன. மிகுந்த சூடும் அமுக்கமும் வேண்டும். இயற்கை வாயு வேண்டும். சீனாவில் பெரும்பாலும் நிலக்கரி. அமோனியாவிலிருந்தே யூரியா செய்யப்படுகிறது. ஆகவே யூரியாப் பை என்பது ஒருவகையில் எரிபொருட் பையே. எரிபொருள் விலை ஏறினால் யூரியா விலையும் ஏறுவது இதனாலேதான். 2022இல் உக்ரேன் போரோடு அதைக் கண்டோம்.

100 கிலோ யூரியாவை இயற்கை வாயுவினாற் செய்து முடிக்க ஏறத்தாழ 100 கிலோ புகை. நிலக்கரியானால் இன்னும் கூட. மண்ணிற் கரையும்போது அதிலிருந்து 73 கிலோ காபனீரொட்சைட்டு வெளியேறும். நைதரசு ஒட்சைட்டுக் கணக்கில் நெல்வயலில் இன்னும் 80 கிலோ அளவு. வெங்காயம், மிளகாய்த் தோட்டத்தில் அது 200 கிலோவரை போகும்.

இதைவிட நமக்கு உறைக்க வேண்டிய எண் ஒன்றுண்டு. நெல்வயலில் இட்ட யூரியாவின் நைதரசனிற் பெரும்பாலும் பாதிக்கும் குறைவாகவே பயிருக்குச் சேர்கிறது. மற்றது காற்றோடும் நீரோடும் போகிறது. தோட்ட நிலத்தில் அது கிணற்று நீரில் நைத்திரேற்றாகச் சேர்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் இது நெடுங்காலமாக அறியப்பட்ட கேடு. இரண்டு பை வாங்கினால் ஒரு பை நம்முடையதன்று என்பதே இதன் பொருள்.

அப்படியாயின் யூரியாவை நிறுத்திவிடலாமா? கூடாது. 2021 மே மாதத்தில் அரசு இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாகத் தடைசெய்தது. நவம்பரில் தடையை நீக்கியது. அதனால் நாட்டின் நெல் விளைச்சல் வீழ்ந்தது. கமக்காரர் நட்டப்பட்டார்கள். மண்ணைப் பல ஆண்டுகள் கட்டியெழுப்பாமல் ஒரே பருவத்திற் பசளையை நிறுத்துவது பயிரைப் பட்டினி போடுவதாகும். 1990களில் பொருளாதாரத் தடையின் கீழ் யூரியாவும் மண்ணெண்ணெயும் இன்றி வடக்கில் பயிர் செய்தவர்களுக்கு இதைச் சொல்லித் தரவேண்டியதில்லை. துலா இறைத்ததும், குழை தாழ்த்ததும், காவோலை புதைத்ததும் அந்நாளில் உயிரைக் காத்தன. அந்த அறிவு போற்றத்தக்கது. ஆனால் அதைத் தந்த பட்டினி போற்றத்தக்கதன்று. குறைத்தல் வேறு, பறித்தல் வேறு. நாம் பேசுவது, வீணாகும் பங்கைக் குறைப்பது பற்றியே.

(அ) யூரியாவை ஒரே முறையில் இடாது, விவசாயப் போதனாசிரியர் கூறும் அளவைப் பிரித்து இடவும்.

(ஆ) நிற்கும் நீரின்மேல் வீச வேண்டாம். நீரை வடித்து, மண்ணில் இட்டு, பின்னர் நீர் கட்டவும். பெருமழை வரும்போலிருந்தால் பொறுக்கவும்.

(இ) இலை வர்ண அட்டையைப் பயன்படுத்தவும். பயிரின் முழுதாய் விரிந்த இளம் இலையை, நம் நிழலில் வைத்து அட்டையோடு ஒப்பிட வேண்டும். பத்து இடத்திற் பார்த்து, ஆறு இலையாவது குறித்த நிறத்திலும் வெளிறியிருந்தால் மட்டும் யூரியா இடவேண்டும். எந்த நிறம் என்பதை உங்கள் நெல்லினத்தைச் சொல்லிக் கமநல சேவை நிலையத்திற் கேட்டறியவும்.

(ஈ) வேலியில் கிளிசிரியா என்னும் சீமைக்கிளுவையை நடவும். நெல்லுக்குப்பின் சணலையோ பயற்றையோ விதைக்கவும். இவை காற்றின் நைதரசனை எரிபொருள் இன்றியே மண்ணுக்குத் தருகின்றன. மாட்டுப்பட்டி அடைப்பதும் நம்மவர் அறிந்த வழியே.

5. தோட்டமும் நீரிறைப்பும்

தோட்டத்தில் மெதேன் இல்லை. அங்கே யூரியாவும் இறைப்பு இயந்திரமுமே முன்னிற்கும். ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் எரிந்தால் 2.5 கிலோ புகை. ஒரு தடவை இறைக்க 2 லீற்றர், ஒரு போகத்துக்கு 25 தடவை என்றால் 50 லீற்றர் மண்ணெண்ணெய், 125 கிலோ புகை. இன்றைய மண்ணெண்ணெய் விலையைப் பெருக்கிப் பாருங்கள். 2022இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்றவர்களுக்கு ஒவ்வொரு லீற்றரின் அருமையும் தெரியும்.

இயந்திரத்தை நீர்மட்டத்துக்கு இயன்றளவு கிட்ட வைத்தால் எரிபொருள் மிஞ்சும். குழாயில் ஒழுக்கை அடையுங்கள். வெயில் ஏறுமுன் அல்லது மாலையில் இறையுங்கள். பாத்தியை வைக்கோலாலோ இலைகுழையாலோ மூடினால் இறைக்கும் நாட்களின் இடைவெளி கூடும். சூரிய சக்தி இயந்திரம் நல்லதே. ஆனால் தனிக் குடும்பம் அதற்காகப் பெருங்கடன் படுவதை நாம் சிபாரிசு செய்யோம். மூன்று நான்கு குடும்பங்கள் சேர்ந்து, கழற்றிக் கொண்டுபோகக்கூடியதாக வாங்குவதே தக்கது.

6. விளைந்ததைக் காத்தல்

நம் நாட்டில் மரக்கறி, பழங்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு அறுவடைக்கும் அடுப்புக்கும் இடையில் பழுதாவதாக மதிப்பிடப்படுகிறது. அழுகிய கத்தரிக்காயோடு அதற்கு இட்ட யூரியா, இறைத்த மண்ணெண்ணெய், ஏற்றிய டீசல் எல்லாம் அழுகுகின்றன. இரண்டு கிலோ சந்தை சேர மூன்று கிலோ விளைவிக்க வேண்டியிருக்கிறது. ஆகவே பழுதைத் தடுப்பதே மிக மலிவான புகைக் குறைப்பு. அதற்குக் காணி உறுதியும் வேண்டாம், முதலும் அதிகம் வேண்டாம். வெயில் ஏறுமுன் பறித்து நிழலில் வைத்தல். காயம்பட்டதைத் தெரிந்து ஒதுக்கி வீட்டுக்கோ ஊறுகாய்க்கோ எடுத்தல். சாக்கில் அமுக்கிக் கட்டாது பெட்டியில் அடுக்குதல். வெங்காயத்தை நன்றாக உணர்த்திப் பிடியாகக் கட்டித் தூக்குதல். இவற்றைப் பெரும்பாலும் நம் சகோதரிகளே செய்கின்றனர். ஆகவே இப்பாடத்தை அவர்கள் முதலிற் கேட்க வேண்டும்.

ஆண்டவர் அப்பம் பகிர்ந்தளித்த நிகழ்ச்சியில், மக்கள் உண்டபின் எஞ்சிய துண்டுகள் 12 கூடை நிறையச் சேர்க்கப்பட்டதை நற்செய்தியாளர் நால்வரும் குறிப்பிடுகின்றனர். அள்ளிக் கொடுக்க வல்லவரே சிந்தியதைப் பொறுக்கச் செய்தார் என்றால், அது நமக்கும் ஒரு பாடம்.

நெல்லிலோ வேறொரு விரயம் உண்டு. அறுவடை வயலிலேயே ஈர நெல்லாகக் குறைந்த விலைக்கு விற்கிறோம். அது தெற்கே ஆலைக்குப் போய், அரிசியாகி, அதே ஏ-9 வீதியால் நம் கடைக்கு வருகிறது. போகும் நெல்லில் ஐந்திலொரு பங்கு உமி. அதையும் சுமந்தே லொறி ஓடுகிறது. போக்குவரவுப் புகை சிறிது என்று முன்னர் கண்டோம். ஆனால் போகவும் வரவும் ஆகும் செலவு சிறிதன்று. நெல்லை 14 வீத ஈரத்துக்கு உணர்த்தி வைத்து, குடும்பத் தேவைக்கான பங்கையாவது ஊரிலேயே அவித்துக் குத்துவித்தால், உமி அடுப்புக்கு விறகாகும், தவிடு மாட்டுக்கும் கோழிக்கும் ஆகும், அரிசிக்குக் கடையிற் கொடுக்கும் காசு வீட்டில் நிற்கும். கடன்காரர் களத்தில் வந்து நிற்கும்போது நெல்லை வைத்திருக்க முடியாது என்பதை நாம் அறிவோம். அதனாற்றான் இதற்குச் சிறு சேமிப்புக் குழு வேண்டும். பத்துக் குடும்பம் ஆளுக்கு இரண்டு மூடை வீதம் ஒரு நல்ல களஞ்சியத்தில் வைத்துத் தொடங்கலாம்.

7. யாருடைய காணி?

இடம்பெயர்ந்தவருக்கு எந்த ஆலோசனை சொல்லும்போதும் இந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது. சணல் விதைத்து மண்ணைக் கட்டியெழுப்பினால் அதன் பலன் மூன்றாம் நான்காம் ஆண்டிலேயே தெரியும். அடுத்த போகத்தில் காணிக்காரர் காணியைத் திருப்பிக் கேட்டால், உழைப்பு இவருக்கு, பலன் அவருக்கு. 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறியவர்களில் இன்னும் தம் நிலம் திரும்பாதவர்கள் உண்டு. அவர்களிடம் போய், வேலியில் மரம் நடுங்கள் என்று மட்டும் சொல்வது அழகல்ல. ஆகவே முறைகளைப் பிரித்துக்கொள்வோம்.

ஒரே போகத்திற் பலன் தருபவை: யூரியாவைப் பிரித்திடுதல், இலை வர்ண அட்டை, குழாய் வைத்து நீர் கட்டுதல், பாத்தி மூடுதல், பழுதைத் தடுத்தல், நெல் உணர்த்தல். குத்தகைக்காரர் இவற்றை இப்போகமே தொடங்கலாம்.

பல ஆண்டு வேண்டுபவை: கிளிசிரியா வேலி, தொடர்ந்து குழை தாழ்த்தல், மண் வளர்த்தல். இவற்றைச் செய்வதற்கு முன் குறைந்தது மூன்று நான்கு ஆண்டுக் குத்தகையை எழுத்தில் பெற முயலுங்கள். தனியே கேட்பதைவிட அமைப்பாகக் கேட்பது பலிக்கும். மண் கெடுகிறது என்று கமக்காரரைக் குறைசொல்லும் எவரும், அவர் காலடியில் நிலையான நிலம் உண்டா என்று முதலிற் கேட்கட்டும். சொந்த நிலம் திரும்பக் கிடைப்பதும் சூழலைக் காக்கும் வேலையின் ஒரு பங்கே.

8. குழுவாகக் கலந்துரையாடுவதற்கு

1. சென்ற போகத்தில் யூரியா, மண்ணெண்ணெய், டீசல், ஏற்றுக்கூலி ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு செலவிட்டோம்? எது கூடியது?

2. நம் வாய்க்காலில் நனைத்தும் உலர்த்தியும் நீர் கட்ட யார் யார் சம்மதிக்க வேண்டும்? தடை என்ன?

3. நாம் விளைவித்ததிற் பழுதானது எவ்வளவு? பறிக்கும்போதா, கட்டும்போதா, ஏற்றும்போதா பழுதாயிற்று?

4. நம்முள் காணி இல்லாதோர் எத்தனை குடும்பம்? அவர்களுக்கு நீண்ட குத்தகை பெற நாம் என்ன செய்யலாம்?

செய்கை: ஒவ்வொரு குழுவும் ஓர் அப்பியாசக் கொப்பி வாங்கி, வரும் போகம் முழுவதும் இட்ட பசளை, எரித்த எரிபொருள், பழுதான விளைபொருள் ஆகிய மூன்றையும் திகதியிட்டு எழுதி வரட்டும். ஒருவர் தம் வயலில் மூலையிலுள்ள ஒரு வரம்படியில் மட்டும் குழாய் வைத்துப் பார்த்து, மற்ற வரம்படியோடு விளைச்சலை நிறுத்து ஒப்பிடட்டும். அறுவடை முடிந்ததும் கொப்பியை எல்லோரும் கூடிப் படித்து, அடுத்த போகத்தில் எதை மாற்றுவது என்று முடிவு செய்யுங்கள்.